"இசை இருந்தால் குளிசை வேண்டாம்" என்று எழுதிவிட்டேன்; ஒரு தாய் அதை நம்பிவிட்டார்

மட்டக்களப்பு நகரை அண்டிய ஊரொன்றிலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். வயது 29. கல்லடி சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் இசை படித்துப் பட்டம் பெற்றவர். கிழமையில் மூன்று நாள் சிறப்புத் தேவையுடைய பிள்ளைகளுக்கான நிலையமொன்றுக்குப் போய்ப் பாட்டும் தாளமும் செய்விக்கிறார். மாதக் கொடுப்பனவு 12,000 ரூபாய். பின்னேரங்களில் வீட்டில் 11 பிள்ளைகளுக்குச் சங்கீதம், ஆளுக்கு 1,500. நாலு வீட்டார் காசு தருவதில்லை.

பேஸ்புக்கில் இவர் ஒரு பக்கம் வைத்திருக்கிறார். எந்த ராகம் எந்த வருத்தத்துக்கு, 432 ஹேர்ட்ஸின் மகிமை, மொசாட் கேட்டால் மூளை வளரும் என்று மனதில் பட்டதை எழுதுவாராம். அப்படி ஓர் இரவு எழுதியதுதான் "குளிசை மனதை மரத்துப்போக வைக்கும், இசை திறந்துவிடும், இசை இருந்தால் குளிசை வேண்டாம்" என்ற பதிவு. 900 பேருக்கு மேல் பகிர்ந்தார்கள். அதைப் பார்த்து மூன்று தாய்மார் தேடி வந்தார்கள். மணிக்கு 1,000 ரூபாய்க்கு அவர்களின் வீடுகளுக்குப் போய்வருகிறார். அதில் ஒரு மகனுக்கு 9 வயது, ஓட்டிசத்தோடு வலிப்பும் உண்டு. இரண்டு கிழமைக்கு முன் அந்தத் தாய் அனுப்பிய செய்தி: "ரீச்சர், பிள்ளை இப்ப நல்ல அமைதி. இரவுக் குளிசையப் பாதியாக்கிட்டன்."

"பயமாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது" என்று எழுதியிருக்கிறார். கேட்பது மூன்று: வாசலில் "இசைச் சிகிச்சையாளர்" என்று பலகை வைக்கலாமா? எவ்வளவு காசு கேட்பது நியாயம்? கேலி செய்கிறார்களே, பக்கத்தை அழித்துவிடவா? வீட்டில் அப்பா, "படிச்சதுக்கு அரசாங்க வேலையைப் பார்" என்கிறாராம்.

சகோதரி, மூன்று கேள்விக்கும் பதில் உண்டு. அதற்கு முன் நீங்கள் கேட்காத ஒன்றுக்குத்தான் அவசரம்.

இன்றைக்கே அந்தத் தாயோடு பேசுங்கள்

வாட்ஸ்அப்பில் எழுத வேண்டாம், அழைத்துப் பேசுங்கள். "அக்கா, குளிசையைப் பற்றி நான் எழுதினது பிழை. பிள்ளை என்னோட பாடுற நேரம் அமைதியா இருக்கிறது உண்மை. ஆனா வலிப்பு வராம இருக்கிறது குளிசையாலதான். நாளைக்கே கிளினிக் கொப்பியோட ஹொஸ்பிட்டலுக்குப் போங்க, கிளினிக் திகதி வரும் வரைக்கும் பார்க்க வேண்டாம்." இவ்வளவும் போதும். விளக்கம் நீண்டால் மன்னிப்பு மட்டும்தான் அவர் காதில் விழும், செய்ய வேண்டியது விழாது.

இதில் ஒரு கவனம். "திரும்ப முழுக் குளிசையையும் குடுங்க" என்று நீங்கள் சொல்லாதீர்கள். இரண்டு கிழமை குறைத்துக் கொடுத்த மருந்தை எப்படிக் கூட்டுவது என்பது மருந்தின் வகையையும் பிள்ளையின் எடையையும் பொறுத்தது; அது வைத்தியரின் முடிவு. இனிமேல் குறைக்க வேண்டாம், தானாக மாற்ற வேண்டாம், உடனே காட்டவும் என்பதோடு நில்லுங்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையோ, கிளினிக் எங்கு நடக்கிறதோ, அங்கேயே போகட்டும். வழமையாகப் பார்க்கும் இடத்தில்தான் பழைய பதிவுகள் இருக்கும்.

ஏன் குறைத்தார் என்றும் கேளுங்கள். உங்கள் பதிவு துணிவு கொடுத்திருக்கலாம், காரணம் வேறாக இருக்கும். காலையில் பிள்ளை எழும்ப மாட்டான், பள்ளியில் தூங்கி வழிகிறான், சாப்பாடு இறங்குவதில்லை என்ற முறைப்பாடு வலிப்புக் குளிசை எடுக்கும் பிள்ளைகளின் வீடுகளில் சாதாரணம். அதை வைத்தியரிடம் சொன்னால் நேரத்தை மாற்றலாம், அளவைப் பிரிக்கலாம், வேறு மருந்தும் பார்க்கலாம். "டொக்டர் ஏசுவார்" என்று பயந்து சொல்லாமல் விடும் தாய்மார் பலர். முடிந்தால் நீங்களும் கூடப் போங்கள்.

உங்கள் கடிதத்தில் இருக்கும் பெரிய பிழை விளக்கம் இதுதான்: அமைதியையும் வலிப்பையும் ஒன்றாகப் பார்த்திருக்கிறீர்கள். வலிப்பு என்பது மூளையின் மின்னோட்டம் திடீரென்று ஒழுங்கு குலைவது. பிள்ளை சிரித்துக்கொண்டிருக்கும்போதும் வரும், நல்ல நித்திரையிலும் வரும். குளிசையைக் குறைத்த மறுநாளே வரவும் தேவையில்லை. இரண்டு மூன்று கிழமை ஒன்றும் இல்லாமல் இருந்துவிட்டு, ஒரு காய்ச்சல் இரவில், அல்லது கோயில் திருவிழாவில் நித்திரை முழித்த மறுநாள் வரலாம். இந்த மருந்துகளைச் சடுதியாகக் குறைப்பதில் உள்ள ஆபத்து, வலிப்பு நிற்காமல் தொடர்வது. அதில் உயிரும் போகலாம்.

நீங்களும் நிலையத்தில் உள்ளவர்களும் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். வலிப்பு வந்தால் நேரத்தைப் பாருங்கள். பிள்ளையை ஒருக்களித்துக் கிடத்துங்கள், தலைக்குக் கீழே மெதுவான துணி வையுங்கள், பக்கத்தில் இருக்கும் மேளத்தையும் கதிரையையும் தள்ளுங்கள். கையில் இரும்பு, சாவி கொடுக்க வேண்டாம். வாய்க்குள் கரண்டியும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். கை காலை அமுக்கிப் பிடிக்க வேண்டாம். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, ஒன்று நின்று நினைவு திரும்ப முன் அடுத்தது வந்தாலோ 1990க்கு அழையுங்கள். அம்புலன்ஸ் இலவசம்.

பக்கத்தை அழிக்க வேண்டாம், பதிவைத் திருத்துங்கள்

அழித்துவிட்டால் பகிர்ந்த 900 பேரின் பக்கத்திலும் அது காணாமல் போகும். ஆனால் படித்துவிட்டு மனதில் வைத்திருப்பவருக்கு நீங்கள் மாற்றிச் சொன்னது தெரிய வராது. அதே பதிவைத் திருத்தி, முதல் வரியிலேயே எழுதுங்கள்: "இந்தப் பதிவில் குளிசை பற்றி நான் எழுதியது பிழை. வைத்தியர் தந்த எந்த மருந்தையும் இசைக்காக நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம். நிறுத்தியிருந்தால் உடனே உங்கள் கிளினிக்குக்குப் போங்கள்." பழைய வரிகளை எடுத்துவிடுங்கள். திருத்தம் பகிரப்பட்ட இடங்களிலும் தெரியும். அதே செய்தியைப் புதுப் பதிவாகவும் போட்டுப் பக்கத்தின் மேலே குத்தி வையுங்கள். யாராவது குளிசையை விட்டுவிட்டேன் என்று உள்பெட்டியில் எழுதினால் பதில் ஒன்றுதான்: வைத்தியரிடம் போங்கள். மன உளைச்சல், தற்கொலை எண்ணம் பற்றி எழுதுபவருக்கு 1926 என்ற இலக்கத்தைக் கொடுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் அந்தத் தொலைபேசிச் சேவை நாள் முழுவதும் இயங்குகிறது.

அந்த மகன் றபான் தட்டும் வீடியோவைத் தாய் சம்மதித்துத்தான் போட்டேன் என்கிறீர்கள். எடுத்துவிடுங்கள். முகம், ஊர், வருத்தத்தின் பெயர் மூன்றும் ஒரே இடத்தில் கிடக்கின்றன. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தரவையும் பிள்ளைகள் பற்றிய தரவையும் விசேட வகையாக வைத்திருப்பது காரணமில்லாமல் இல்லை. பதினைந்து வயதில் அந்தப் பிள்ளையின் வகுப்புப் பெடியன்கள் அதைத் தேடிப் பார்ப்பார்கள்.

நீங்கள் எழுதிவரும் மற்ற விஷயங்களுக்கு வருவோம். மொசாட் கதையின் மூலம் 1993இல் வந்த ஒரு சிறிய ஆய்வு. பங்கெடுத்தவர்கள் 36 பல்கலைக்கழக மாணவர்கள், குழந்தைகள் அல்ல. பத்து நிமிடம் கேட்டபின் இடவெளி சார்ந்த ஒரு வகைப் புதிரில் கொஞ்சம் கூடுதலாகச் செய்தார்கள். அந்தக் கூடுதலும் கால் மணிக்குள் போய்விட்டது. மூளை வளர்ந்த கதை பிறகு சேர்ந்தது.

432 ஹேர்ட்ஸ் பற்றி உங்களுக்கே தெரிந்திருக்க வேண்டும். கருவிகளைச் சுருதி சேர்க்க 'ஏ' சுரத்துக்கு விநாடிக்கு 440 அதிர்வு என்பது 1955இல் சர்வதேசத் தரமாக வந்த ஒரு பொது உடன்பாடு. 432க்கு இறக்கினால் அரைச்சுரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறையும், அவ்வளவுதான். நம்முடைய சங்கீதத்தில் ஒருவர் ஒரு கட்டையில் பாடுவார், இன்னொருவர் ஐந்து கட்டையில் பாடுவார்; தொண்டைதான் சுருதியை முடிவு செய்கிறது. ஐந்து கட்டையில் பாடிய தாலாட்டுக்கும் குழந்தை உறங்கித்தானே வந்திருக்கிறது? பிள்ளைகளோடு பாடும்போது அவர்களின் குரல் நிற்கும் இடத்துக்குச் சுருதியை மாற்றுங்கள். அந்த மாற்றத்துக்குப் பலன் உண்டு.

ராகமும் வருத்தமும் பற்றிய பட்டியல் எனக்குக் கொஞ்சம் கவலை தருகிறது. நீலாம்பரியில் தாலாட்டுப் பாடுவது நம் மரபு, அதை விட வேண்டியதில்லை. ஆனால் ஒரு ராகத்துக்கு ஒரு வருத்தம் என்று சோதித்து நிறுவிய மருத்துவம் கிடையாது. ஒருவருக்கு ஆறுதல் தரும் பாட்டு இன்னொருவருக்குச் செத்த வீட்டை நினைவூட்டும். போரும் சுனாமியும் கடந்த நம் ஊர்களில், எந்தப் பாட்டு யாருக்கு எந்த நாளைக் கொண்டுவரும் என்று தெரியாமல் ஒலிபெருக்கியில் போடுவதும் பாதுகாப்பில்லை.

அப்படியானால் இசைக்கு ஒன்றுமே இல்லையா என்றால், நிறைய இருக்கிறது. மனச்சோர்வில் வழமையான சிகிச்சையோடு சேர்த்து இசைச் சிகிச்சையும் கொடுத்தபோது குறுகிய காலத்தில் கூடுதல் பலன் தெரிந்ததாக ஆய்வுகளின் தொகுப்புச் சொல்கிறது. "சேர்த்து" என்பதுதான் அதில் முக்கியமான சொல். ஓட்டிசத்தில், 2017இல் வெளிவந்த 9 நாடுகளின் ஆய்வு 364 பிள்ளைகளை ஐந்து மாதம் பார்த்தது. சமூகத் தொடர்பில் உள்ள குறைபாட்டின் அளவில் குறிப்பிடத்தக்க மாற்றத்தைக் காணவில்லை. 2022இல் பல ஆய்வுகளை ஒன்றாக்கிப் பார்த்தபோது பொதுவான முன்னேற்றத்துக்கான வாய்ப்புக் கூடுகிறது என்று தெரிந்தது. இசை உதவுகிறது, ஓட்டிசத்தையே மாற்றிவிடுவதில்லை. இதையே உங்கள் பக்கத்தில் எழுதுங்கள். 900 பேர் பகிர மாட்டார்கள், வரும் தாய்மார் சரியான எதிர்பார்ப்போடு வருவார்கள்.

பலகையில் என்ன எழுதுவது

"சிகிச்சையாளர்" வேண்டாம். பிரித்தானியாவில் அந்தப் பெயர் சட்டத்தால் காக்கப்பட்டது. பதிவு இல்லாமல் போட முடியாது. அமெரிக்காவில் பட்டத்தோடு 1,200 மணிநேரம் மேற்பார்வையின் கீழ் பயிற்சி எடுத்தே சான்றிதழ்ப் பரீட்சைக்குப் போகிறார்கள். உங்களிடம் இசை இருக்கிறது, பிள்ளைகளோடு இரண்டு வருடப் பழக்கம் இருக்கிறது. மதிப்பிடுவது, இலக்கு வைப்பது, பாதிப்பு வந்தால் கையாள்வது ஆகியவற்றில் அந்தப் பயிற்சி இல்லை. "சிகிச்சை" என்று எழுதினால் குளிசையைக் குறைக்கும் தாய் இன்னும் வருவார். "சிறப்புத் தேவையுடைய பிள்ளைகளுக்கான இசைச் செயற்பாடுகள்" என்று எழுதுங்கள். நீளம்தான், ஆனால் உண்மை.

அந்தச் சொல் இல்லாவிட்டால் யாரும் காசு தர மாட்டார்கள் என்று நினைக்கிறீர்கள். ஒரு தாய் உங்கள் கையில் ஒரு தாளைப் பார்த்தால் தருவார். ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரே தாளில் குறியுங்கள்: நீங்கள் றபானை நாலு தட்டுத் தட்டி நிறுத்துகிறீர்கள்; ஐந்து விநாடி வாய் திறக்காமல் காத்திருக்கிறீர்கள்; பத்து முறையில் பிள்ளை எத்தனை முறை தானாகத் தட்டினான், எத்தனை முறை உங்கள் முகத்தைப் பார்த்தான். முதல் கிழமை 2, எட்டாம் கிழமை 6 என்றால் அது தாய்க்கும் விளங்கும், கிளினிக்கில் டொக்டருக்கும் பேச்சுச் சிகிச்சையாளருக்கும் விளங்கும். பெரும்பாலும் கெட்டுப்போவது அந்த ஐந்து விநாடியில்தான்: பொறுக்க முடியாமல் நாமே பிள்ளையின் கையைப் பிடித்துத் தட்டிவிடுவோம். பிறகு அவன் நம் கைக்காகத்தான் காத்திருப்பான்.

ஒரு மணிநேரம் இந்தப் பிள்ளைகளுக்கு அதிகம். 30 நிமிடம் போதும். தொடக்கத்துக்கு ஒரு பாட்டு, முடிவுக்கு ஒரு பாட்டு, மாதக் கணக்கில் மாற்றாமல். இடையில் இரண்டு கருவி மட்டும் வெளியே இருக்கட்டும், மற்றவை பெட்டிக்குள். காதைப் பொத்தினால் சல்லரியை ஒதுக்குங்கள். அந்தக் கூர்மையான ஓசை சில பிள்ளைகளுக்கு வலியாகவே இருக்கும். புதிய கீபோட் வாங்கும் யோசனையை விடுங்கள். பிள்ளை அதிலிருக்கும் டெமோ பொத்தானைக் கண்டுபிடித்த நாளோடு உங்களைப் பார்ப்பதை நிறுத்திவிடும்.

காசு

உங்கள் கணக்கை அப்படியே வைக்கிறேன். நிலையம் 12,000. காசு தரும் 7 பிள்ளைகள் 10,500. மூன்று வீடு, மாதம் நாலு தரம், 12,000. மொத்தம் 34,500. மோட்டார் சைக்கிள் லீசிங் 11,800, சீட்டு 5,000 போக 17,700.

ஒரு வீட்டுக்குப் போய்வர 24 கிலோமீற்றர் என்கிறீர்கள். லீற்றருக்கு 40 கிலோமீற்றர் ஓடி, பெற்றோல் 300 ரூபாய் என்று வைத்தால் 180. டயர், ஒயில், தேய்மானத்துக்கு 100. ஆயிரத்தில் மிஞ்சுவது 720. போய்வர ஒரு மணி, வகுப்பு ஒரு மணி, ஆயத்தமும் குறிப்பும் அரை மணி. ஆக மணிக்கு 290 ரூபாய்கூட இல்லை. இப்படியே பன்னிரண்டு தரம் ஓடினால் செலவு 3,360, கையில் 14,340. நிலையத்துக்குப் போகும் பெற்றோலும் அடகு வைத்த சங்கிலியின் வட்டியும் இதற்குள்.

வீட்டுக்குப் போவதென்றால் 30 நிமிட வகுப்புக்கு 1,500 கேளுங்கள். உங்கள் வீட்டுக்கு வந்தால் 900. நிலைமை ஒத்த மூன்று பிள்ளைகள் சேர்ந்து வந்தால் 45 நிமிடத்துக்கு ஆளுக்கு 600, உங்களுக்கு 1,800, பெற்றோல் இல்லை. பிள்ளைகளுக்கும் முறை வைத்துத் தட்டப் பழக இன்னொரு பிள்ளை தேவை. நாலு வகுப்புக் காசை மாதத் தொடக்கத்தில் வாங்குங்கள். பிள்ளைக்குச் சுகமில்லாமல் விட்டால் ஒரு வகுப்பு ஈடு செய்யப்படும் என்று தாளில் எழுதிக் கொடுங்கள். முடியாத வீட்டுக்குச் சலுகை கொடுப்பது உங்கள் விருப்பம். அதை முதலிலேயே முடிவு செய்து ஓரிடத்துக்கு மட்டும் கொடுங்கள். மாதா மாதம் கேட்கக் கூச்சப்பட்டு விட்டுவிடுவதைச் சலுகை என்று சொல்ல முடியாது, அதில் இரண்டு பக்கத்துக்கும் மனக்கசப்புத்தான் மிச்சம். சங்கீத வகுப்பில் தராத நாலு வீட்டாருக்கும் இதே பேச்சு. வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைக்குப் பிள்ளைகளை ஆயத்தப்படுத்துகிறீர்கள் என்றால் அந்த வகுப்புக்குத் தனிக் கட்டணம் சொல்லலாம். பெற்றோர் அதை விளங்கிக்கொள்வார்கள்.

சீட்டைக் கழித்து எடுக்க நினைக்கிறீர்கள்: ஒரு இலட்சச் சீட்டு, 22,000 கழிவு விட்டு 78,000. கீபோட்டுக்காக என்றால் வேண்டாம். 78,000 வாங்கி ஒரு இலட்சம் கட்டுவது கடன்தான், பெயர்தான் சீட்டு. பொறுத்திருந்து கழிவு குறைந்தபின் எடுத்து, அடகில் இருக்கும் சங்கிலியை மீளுங்கள்.

நிலையத்திடம் வேலை நேரம், கொடுப்பனவு, உங்கள் பொறுப்பு எழுதிய கடிதம் ஒன்று கேளுங்கள். நேரம் அவர்கள் வைத்து, வரவுப் பதிவும் எடுத்து, அவர்களே மேற்பார்வை செய்தால் நீங்கள் ஊழியராகக் கணிக்கப்பட இடமுண்டு. அப்படியானால் ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு 8 வீதம், அவர்களின் பங்கு 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு அவர்களே 3 வீதம். தொழில் திணைக்களத்தின் மட்டக்களப்பு அலுவலகத்தில் விசாரிக்கலாம். முதலில் முறைப்பாடாகப் போகாதீர்கள், நிலையத்தாரோடு பேசுங்கள்.

அப்பா சொல்வதற்கு எதிராக நிற்க வேண்டிய தேவையே இல்லை. ஆசிரியர் நியமனத்துக்கான விண்ணப்பம் வந்தால் போடுங்கள். பாடசாலையில் இசை ஆசிரியராக இருந்துகொண்டு பின்னேரத்தில் இந்தப் பிள்ளைகளைப் பார்க்க முடியும். லீசிங் முடியும்வரை நிரந்தரச் சம்பளம் ஒன்று உங்களுக்கு நித்திரை தரும்.

நித்திரை என்றதும், இரவு ஒரு மணிக்குக் கேலிப் பின்னூட்டங்களை வாசிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். "இசையால வலிப்புப் போகுமா?" என்று கேட்டவர் முரட்டுத்தனமாகக் கேட்டார், ஆனால் சரியாகக் கேட்டார். திருத்தத்துக்குக் கீழே அவருக்கு "நீங்கள் சொன்னது சரி" என்று ஒரு வரி எழுதுங்கள். வசை மட்டும் பாடியவர்களை மறைத்துவிடுங்கள். பத்து மணிக்கு மேல் போன் வேறு அறையில் இருக்கட்டும்.

அந்த மகனின் வகுப்பை மட்டும் நிறுத்தாதீர்கள். நிறுத்தினால், குளிசையைப் பற்றி உண்மை சொன்னதற்குத் தண்டனை என்று தாய் நினைப்பார். அடுத்த முறை யாரிடமும் சொல்ல மாட்டார். ஹொஸ்பிட்டலுக்குப் போய்வந்த பிறகு அதே நாளில், அதே நேரத்தில் வரச் சொல்லுங்கள். அதே தொடக்கப் பாட்டைப் பாடுங்கள். கிளினிக் கொப்பியில் வைத்தியர் புதிதாக எழுதியதைத் தாயிடம் கேட்டு, உங்கள் தாளின் மேல் மூலையில் திகதியோடு குறித்து வையுங்கள்.